மாணவர்களுக்கு உடல்நல இலக்கு வகுக்கக் கற்பிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

வடசென்னைக் கல்லூரி ஒன்றில் முதலாமாண்டு மாணவர்களுக்கு உடல்நலப் பழக்கங்கள் குறித்து வகுப்பெடுக்கத் தொடங்கியபோது நான் செய்த முதல் தவறு, இலக்கை நானே கரும்பலகையில் எழுதிப் போட்டதுதான். ‘தினமும் உடற்பயிற்சி செய்வேன், எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைப்பேன்’ என்ற இரண்டு வரிகளையும் வகுப்பு முழுவதும் நோட்டில் எழுதிக்கொண்டது. ஒரு மாதம் கழித்து நோட்டுகளை வாங்கிப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் அதற்கடுத்த பக்கம் வெறுமையாகவே இருந்தது. எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் என்று சொல்லாத வாக்கியத்தைக் கொண்டு மறுநாள் என்ன செய்வதென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இதைத் திருத்த முனையும்போது, ‘மூன்று மாதத்தில் 5 கிலோ குறைப்பேன்’ என்று ஓர் எண்ணைச் சேர்த்துவிட்டால் போதுமென நினைப்பது அடுத்த தவறு. எடை எவ்வளவு குறையும் என்பதை மாணவரால் தீர்மானிக்க முடியாது; இன்று நடப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க முடியும். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியுள்ளது. அந்த நிமிடங்களை உங்கள் வாரத்தில் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டபோது, ஒரு மாணவி இப்படி எழுதினாள்: ‘மெட்ரோவில் வீடு திரும்பும்போது காலடிப்பேட்டைக்கு முந்தைய நிலையமான டோல்கேட்டிலேயே இறங்கி நடப்பேன்; மழை பெய்தால் வீட்டு மாடிப்படியில் இருபது முறை ஏறி இறங்குவேன்.’ உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் வலியுறுத்தும் ‘இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்’ என்ற திட்டமுறை இதுதான்; தடை வரும்போது என்ன செய்வது என்பதையும் அவள் முன்கூட்டியே முடிவு செய்திருந்தாள்.

மாணவரின் நாள் எப்படிப்பட்டது என்று கேட்காமலே நேரத்தைக் குறித்துக் கொடுப்பதைத்தான் நான் மிகக் கடுமையான தவறாகக் கருதுகிறேன். பொழுது விடியுமுன்னே காசிமேட்டு மீன் ஏலத்தில் அப்பாவுக்குத் துணையாக நின்று, கூடை தூக்கிவிட்டு வகுப்புக்கு வருபவரிடம் ஐந்து மணிக்கு எழுந்து ஓடச் சொல்வதில் பொருளில்லை. அவருக்குத் தேவை உறக்கம். இந்த வயதினருக்கு இரவில் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதால், இரவு எத்தனை மணிக்குக் கைபேசியை எடுத்துவைப்பது என்பதே அவருடைய முதல் இலக்காக இருக்கலாம்.

எல்லோர் முன்னிலையிலும் எடை பார்ப்பதை அறவே நிறுத்திவிட வேண்டும்; அதனால் கூச்சமும் கேலியும் தவிர வேறெதுவும் மிஞ்சுவதில்லை.

‘21 நாளில் பழக்கம் வந்துவிடும்’ என்று வாக்குக் கொடுப்பதும் தவறே. லண்டனில் பிலிப்பா லாலியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 96 பேரிடம் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக வருமளவுக்குப் பழகுவதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. இருபத்திரண்டாம் நாள் தளர்ந்துபோய் வருபவரிடம் இந்த எண்களைச் சொல்லி, எந்த நாளில் எதனால் விட்டுப்போயிற்று என்று கேட்டு, அவர் சொல்லும் காரணத்துக்கேற்ப இலக்கு வாக்கியத்தை அவர் கையாலேயே திருத்தி எழுதச் செய்ய வேண்டும்.