எரிக்கும் வைக்கலை மாட்டுத் தீனாக்குவது: யூரியா வைக்கல், அளவுகளோடு

பெரும்போக வெட்டு முடிந்ததும் திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமம், கந்தளாய், மூதூர், கிண்ணியா என்று வட்டைக்கு வட்டை, அதாவது வயல்வெளிக்கு வயல்வெளி, வைக்கலை எரிக்கும் புகை எழும். அந்த வைக்கலில் ஒரு பங்கைக் கட்டி வைத்திருந்தால் போதும் என்று ஆவணியில் மாடு எலும்பு தெரிய நிற்கும்போதுதான் நினைவு வரும். நெல் எவ்வளவு விளைகிறதோ ஏறத்தாழ அவ்வளவு வைக்கலும் வயலில் கிடக்கிறது. மெசின் வெட்டில் அடிக்கட்டை உயரமாக நின்றாலும் ஒரு ஏக்கர் வைக்கலில் இரண்டு பசுக்களுக்குப் பல மாதத் தீன் இருக்கிறது.

சும்மா போட்டால் அது வயிற்றை அடைக்குமே தவிர மாட்டைத் தேற்றாது. வைக்கலில் புரதம் 3 முதல் 4 வீதம்தான். மாட்டின் முதல் இரைப்பையில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பெருக 7 வீதமாவது வேண்டும். போதாக்குறைக்கு நெல் வைக்கலில் சிலிக்கா அதிகம். தின்றது மெதுவாகச் செரிக்கிறது, வயிறு காலியாக நேரமெடுக்கிறது, அதனால் மாடு தின்பதும் குறைகிறது. யூரியாவையும் தண்ணீரையும் தெளித்து மூடி வைத்தால் யூரியா அமோனியாவாக மாறி நாரின் பிணைப்பை நெகிழ்த்துகிறது. புரத அளவு 7, 8 வீதத்துக்கு ஏறும். மாடு கூடுதலாகத் தின்னும், தின்றதில் கூடுதலாகச் செரிக்கும்.

இதைச் செய்து பார்த்து "சரிவரவில்லை" என்று விட்டவர்களைக் கேட்டால், பெரும்பாலும் யூரியாவின் அளவு சரியாகவே இருந்திருக்கும். தவறிப்போவது தண்ணீரும் மூடலும்.

அளவு

மனதில் நிற்க வேண்டிய கணக்கு இது: 10 கிலோ காய்ந்த வைக்கலுக்கு 10 லீட்டர் தண்ணீர், 400 கிராம் யூரியா. 100 கிலோவுக்கு 100 லீட்டர், 4 கிலோ.

யூரியா என்றால் 46 வீதம் நைதரசன் உள்ள வெள்ளை மணி யூரியா மட்டும். அடிக்கட்டுப் பசளையோ வேறு கலவைப் பசளையோ மாட்டுத் தீனுக்கு ஆகாது. வயலுக்கு வாங்கியதில் மிஞ்சியதைப் பயன்படுத்தலாம், ஆனால் பை ஈரம் பட்டுக் கட்டியாகியிருந்தால் உடைத்துத் தூளாக்கி நிறுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி, பேணி என்று கண்ணளவில் போடும் இடம் இதுவல்ல. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது யூரியா எவ்வளவு அருமையானது என்று எல்லோரும் கண்டோம். வீணாக்கவும் கூடாது, கூட்டிப் போட்டு மாட்டைக் கொல்லவும் கூடாது.

வைக்கலையும் நிறுக்க வேண்டும். மெசினில் உருட்டிக் கட்டிய வைக்கல் என்றால் நாலைந்து கட்டைத் தொங்கு தராசில் போட்டுச் சராசரி எடுங்கள். கட்டுக்குக் கட்டு எடை மாறும். உதிரி வைக்கலைப் பெரிய சாக்கில் அடைத்து ஒரு சாக்கு எத்தனை கிலோ என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் பிறகு சாக்குக் கணக்கில் ஓட்டலாம்.

10 லீட்டர் கணக்கு நன்றாகக் காய்ந்த வைக்கலுக்கு. முறுக்கினால் சடசடவென்று ஒடிய வேண்டும். ஒடியாமல் வளைகிற, தொட்டால் குளிர்கிற வைக்கலுக்கு 7 அல்லது 8 லீட்டர் போதும். யூரியாவைக் குறைக்க வேண்டாம். மழையில் ஊறிக் கறுத்த வைக்கலையும் பூஞ்சணம் பிடித்ததையும் இதற்கு எடுக்காதீர்கள். எந்த யூரியாவும் அதை மீட்காது.

குவியல் கட்டும் முறை

இரண்டு பசுக்களுக்கு ஒரு மாதத் தீன் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள நம் ஊர்ப் பசு ஒரு நாளைக்கு 5 கிலோ வைக்கல் தின்னும். இரண்டு பசு, 30 நாள்: 300 கிலோ. யூரியா 12 கிலோ, தண்ணீர் 300 லீட்டர். மிதித்து அடைத்தால் 100 கிலோவுக்கு ஒரு கன மீட்டர் இடம் வேண்டும். ஆகவே 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். அடியில் விரிக்க 3 மீட்டருக்கு இரண்டரை மீட்டர் பொலித்தீன், மேலே மூட 5 மீட்டருக்கு நாலரை மீட்டர். ஐந்நூறு கேஜுக்குக் குறைந்த மெல்லிய பொலித்தீன் கச்சான் காற்றில் ஒரு வாரம் நிற்காது. இரண்டு மாதத்துக்கு வேண்டும் என்றால் ஒரே பெரிய குவியலாகக் கட்டாமல் இப்படி இரண்டாகக் கட்டுங்கள். திறந்த குவியல் நாள்படப் பழுதாகும்.

மேட்டு நிலம் பாருங்கள். கல், முள், அடிக்கட்டை எல்லாம் கூட்டித் தள்ளிவிட்டு அடிப் பொலித்தீனை விரியுங்கள். சீமெந்துத் தரை இருந்தால் இன்னும் நல்லது. பனை, தென்னை அடியில் வேண்டாம். ஒரு மட்டை விழுந்தால் போதும், மூன்று வாரப் பாடு போய்விடும்.

யூரியாவைக் கரைக்கும்போது வாளியைத் தொட்டுப் பாருங்கள், ஐஸ் தண்ணீர் ஊற்றியது போலச் சில்லென்று இருக்கும். யூரியா கரையும்போது சூட்டை இழுக்கும். தண்ணீர் குளிர்ந்துவிடுவதால் கடைசி மணிகள் கரையச் சுணங்கும். மேலே தெளிவாகத் தெரிந்தாலும் கையுறை போட்டு அடியைத் துழாவுங்கள். மணி தட்டுப்பட்டால் இன்னும் கலக்க வேண்டும். கரையாத மணி வைக்கலில் ஒரே இடத்தில் விழுந்தால், அதைத் தின்னும் மாட்டுக்கு அந்த ஒரு வாயே நஞ்சு.

20 கிலோ வைக்கலை உதறிச் சமமாகப் பரப்புங்கள். அதன்மேல் அந்தக் கரைசலை 10 லீட்டர் பூவாளியால் இரண்டு முறை, ஓரத்திலிருந்து ஓரத்துக்குத் தெளியுங்கள். வாளியால் வீசி ஊற்றினால் ஒரு பக்கம் குளிக்கும், மறுபக்கம் காயும். முள்ளுக் கரண்டியால் ஒரு புரட்டுப் புரட்டி, ஏறி மிதியுங்கள். நடுவை விட ஓரத்தையும் மூலையையும் நன்றாக மிதிக்க வேண்டும், பூஞ்சணம் முதலில் பிடிப்பது அங்கேதான். கரைசல் மெல்லக் கீழே இறங்கும் என்பதால் அடி அடுக்குகளுக்கு ஒன்றிரண்டு லீட்டர் குறைத்து மேல் அடுக்குகளுக்குக் கூட்டலாம். இப்படிப் பதினைந்து அடுக்கு.

இடையிடையே ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். உள்ளங்கை நனைய வேண்டும், விரலிடுக்கால் சொட்டக் கூடாது. தண்ணீர் குறைந்தால் யூரியா அமோனியாவாக மாறாமல் யூரியாவாகவே கிடக்கும். வைக்கல் மிருதுவாகாது, மாட்டுக்கும் ஆபத்து. கூடினால் கரைசல் அடியில் தேங்கி, மேலே சத்தில்லாமலும் கீழே அழுகலுமாகும். தண்ணீருக்குப் பஞ்சம் என்று பாதி அளவில் தெளிப்பதை விட, பாதி வைக்கலை மட்டும் செய்வது மேல்.

மேல் பகுதியை நடு உயர்ந்து ஓரம் சரிய முடியுங்கள். பொலித்தீனைப் போர்த்தி, அடி விரிப்பின் ஓரத்தோடு சேர்த்துச் சுருட்டி, மண் நிரப்பிய பசளைப் பைகளை இடைவெளியில்லாமல் வையுங்கள். உள்ளே காற்றுப் பை தெரிந்தால் கையால் தள்ளி வெளியேற்றிய பிறகு மூடுங்கள். மேலே கிடுகு போட்டுக் கயிற்றால் இழுத்துக் கட்டினால் வெயிலும் காற்றும் பொலித்தீனைக் கிழிக்காது, காகமும் மயிலும் கொத்தாது. சுற்றிவர வேலி கட்டாயம். ஒரு ஆடு ஏறினால் அதன் குளம்பு பட்ட இடமெல்லாம் ஓட்டை. ஓட்டை கண்டால் அன்றைக்கே ஒட்டுங்கள். இரவில் குவியலுக்குப் பக்கத்தில் அமோனியா மணம் வந்தால் எங்கேயோ ஒழுகுகிறது.

எத்தனை நாள்? இங்கத்தைய சூட்டில் 14 நாளில் பெரும் பகுதி முடிந்துவிடும். 21 நாள் விட்டால் சந்தேகமில்லை. மார்கழி மழையில் கட்டாயம் 21.

திறந்து பார்த்தால்

நல்ல வைக்கல் மஞ்சள் மாறிக் கடுமண்ணிறமாக, கையில் பிடித்தால் துவளும்படி இருக்கும். மூடியைத் தூக்கியதும் கண் எரியும், மூக்கைப் பிடிக்க வேண்டிவரும். காற்று முதுகுப் பக்கம் அடிக்கும்படி நின்று திறங்கள், சிறுவர்களை விட வேண்டாம்.

அந்தக் காட்டமே இல்லையென்றால் இரண்டில் ஒன்று: தண்ணீர் போதாமல் மாற்றம் நடக்கவில்லை, அல்லது வாயு ஒழுகிவிட்டது. நிறம் மாறாமல் சடசடவென்றே இருந்தால் முதலாவது. அதை மாட்டுக்குப் போடாதீர்கள், அதில் மாறாத யூரியா இருக்கலாம். வெள்ளை, கறுப்புப் பூஞ்சணமும் வழவழப்பும் உள்ள பகுதியை ஒரு சாண் சுற்றி வெட்டி எருக்குழியில் போடுங்கள்.

ஒரு முனையை மட்டும் திறந்து, மேலிருந்து கீழாக அன்றைக்கு வேண்டியதை எடுத்துவிட்டு மூடிவிடுங்கள். எடுத்ததை நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம் பரப்பி வையுங்கள், காட்டம் போகட்டும். வெயிலில் நாள் முழுக்க உலர்த்தினால் சேர்த்த நைதரசனில் இன்னும் ஒரு பங்கு பறந்துவிடும். 5 கிலோ காய்ந்த வைக்கல் இப்போது ஈரத்தோடு 8, 9 கிலோ நிறுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

முதல் நாளே தொட்டி நிறையப் போட்டால் மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். கால் பங்கு யூரியா வைக்கல், முக்கால் பங்கு வழக்கமான தீன் என்று தொடங்கி ஒரு வாரம், பத்து நாளில் முழுசாக மாற்றுங்கள். கொஞ்சம் மொலாசஸை (சீனி ஆலைக் கழிவுப் பாகு) தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் தெளித்தால் பழகும். குவியல் கட்டும்போது உள்ளே ஊற்ற வேண்டாம், அமோனியாவும் சீனியும் சூட்டில் சேர்ந்து மாட்டின் நரம்பைத் தாக்கும் பொருளாக மாறலாம். பச்சைப் புல்லை யூரியாவில் பதப்படுத்தக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு யூரியா வைக்கல் கிடையாது. அதன் இரைப்பை இன்னும் முதிரவில்லை.

கூடவே என்ன கொடுப்பது

யூரியா வைக்கல் மாட்டை மெலியாமல் நிறுத்தும். பாலுக்குத் தனியாகத் தீன் வேண்டும். முதல் தேவை பச்சை. வேலியில் நிற்கும் கிளிசிரிடியாவே போதும். வெட்டிய உடனே போட்டால் மணம் பிடிக்காமல் மாடு தின்னாது. காலையில் வெட்டி வாடவிட்டு மாலையில் ஒரு பசுவுக்கு 3 முதல் 5 கிலோ கொடுங்கள். இபில் இபில் (சுபாபுல்) இலையும் நல்லதுதான், ஆனால் தீனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மயிர் கொட்டும்.

வீட்டிலேயே கலக்கும் தீனுக்கு 100 கிலோ கணக்கு: நெல் தவிடு 55, தேங்காய்ப் புண்ணாக்கு 25, காய்ந்த கிளிசிரிடியா இலைத் தூள் 10, உடைத்த சோளம் 6, கனியுப்புக் கலவை 2, சுண்ணாம்புக்கல் தூள் 1, கறியுப்பு 1. புரதம் ஏறத்தாழ 14 வீதம் வரும். கறக்கும் ஒவ்வொரு இரண்டு லீட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. தவிட்டில் பொசுபரசு நிறைய, கல்சியம் குறைவு. சுண்ணாம்புக்கல் தூளை விட்டுவிட்டால் கறவைப் பசுவின் எலும்பிலிருந்துதான் அந்தக் கல்சியம் போகும்.

பணம் வீணாவது தவிட்டில். சின்ன மில்லுகளில் உமியும் தவிடும் ஒன்றாகவே விழும், அதையும் தவிடு என்றே விற்பார்கள். ஒரு பிடியை இறுக்கிப் பிடித்துக் கையைத் திறங்கள். எண்ணெயுள்ள நல்ல தவிடு விரல் அடையாளத்தோடு உருண்டையாக நிற்கும், உமி கலந்தது உதிரும். அந்த எண்ணெய்தான் பிறகு காறுகிறது. பச்சையரிசித் தவிடு இரண்டு மூன்று வாரத்திலேயே கசக்கத் தொடங்கும். புழுங்கல் தவிடு அவித்த சூட்டில் காறவைக்கும் நொதி செத்துவிடுவதால் இன்னும் நாள்பட நிற்கும். புண்ணாக்கை உடைத்துப் பாருங்கள். உள்ளே பச்சை, சாம்பல் பூஞ்சணம் இருந்தால் பாதி விலைக்கும் வாங்காதீர்கள், அந்த நஞ்சு பாலிலும் வரும்.

யூரியா ஏறிவிட்டால்

பெரும்பாலும் நடப்பது கரைசல் வாளியில் மாடு வாய் வைப்பதுதான். தெளித்து முடிந்ததும் மிச்சக் கரைசலைக் குவியலிலேயே ஊற்றி வாளியைக் கவிழ்த்து வையுங்கள். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் உடல் நடுங்கும், நுரை தள்ளும், வயிறு ஊதும், தள்ளாடும். உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை, மாடு நின்றுகொண்டு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மட்டும், 200 கிலோ மாட்டுக்கு 2 லீட்டர் வினாகிரியைக் குளிர்ந்த தண்ணீரோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கலாம். படுத்துவிட்ட மாட்டின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் அதனாலேயே சாகும்.

எப்போது கட்டுவது

நம் மாவட்டத்தில் பஞ்சம் இரண்டு முறை வருகிறது. கச்சான் வீசும் ஆனி முதல் புரட்டாதி வரை புல் காய்வது எல்லோருக்கும் தெரியும். ஐப்பசிக்குப் பிறகு வயல் விதைத்து மாட்டை வட்டையை விட்டு விரட்டியதும் தொடங்கும் மழைக்காலப் பஞ்சத்தை யாரும் கணக்கெடுப்பதில்லை. மேய்ச்சல் தரை வெள்ளத்தில், பட்டி காட்டோரத்தில், வயிறு அரைகுறை. 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலையொட்டி வந்த குளிரில் திருகோணமலை உட்பட வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்தன. அரைவயிற்றோடு மெலிந்து நிற்கும் மாட்டுக்கு உடம்புச் சூட்டைக் காக்கக் கொழுப்பு இருக்காது.

ஆகவே பெரும்போக வைக்கலைப் பங்குனியில் உலர்த்திப் போராக்கி வைத்து, வைகாசிக் கடைசியில் முதல் குவியலைக் கட்டுங்கள். சிறுபோக வைக்கலை மழைக்கு முன், புரட்டாதி முடியுமுன் கட்டிவிட வேண்டும். அந்தக் குவியலைச் சுற்றி ஒரு முழ ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, மண்ணைக் குவியல் பக்கமாகப் போட்டு, பொலித்தீன் ஓரம் அந்த மண்ணுக்கு மேலே நிற்கும்படி விடுங்கள். வாய்க்கால் சரிவு கொட்டிலை நோக்கிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.