தெரியாததை மறைப்பதுதான் முதல் தவறு: புதிய நிரலாளர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

மென்பொருள் துறையில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களோடு பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பழகிவருகிறேன். அவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாமல் இருந்ததால் பெரிய சேதம் வந்து நான் பார்த்ததில்லை; தெரியாது என்பதை மறைத்ததால் வந்த சேதத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஃப்ரெஷர் ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று அவரை வேலைக்கு எடுத்த நிறுவனமே எதிர்பார்ப்பதில்லை. ஆனால் பதினாறு ஆண்டுகள் மதிப்பெண்ணுக்காகவே படித்துப் பழகிய மனம், தெரியாது என்று வாய்திறந்தால் இங்கேயும் மதிப்பெண் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறது. இக்கட்டுரையில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த அச்சத்திலிருந்து முளைத்தவை. முதல் தவறு நானே செய்தது.

பிழைச்செய்தியைப் படிக்காமல் மூடுவது

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், ஜாவாவில் எழுதப்பட்ட ஒரு செயலியை என் கணினியில் ஓடவைக்கும்படி சொன்னார்கள். ஓடவிட்டதும் திரை முழுவதும் சிவப்பு எழுத்து; எண்பது வரிகளுக்குக் குறையாது. முதல் வரியை மட்டும் எடுத்துக் கூகுளில் தேடி, கிடைத்த யோசனைகளை ஒவ்வொன்றாகச் செய்துபார்த்து, ஜாவாவையே நீக்கி மறுபடி நிறுவி, இரண்டு நாளைக் கழித்தேன். மூன்றாம் நாள் காலையில் டீம் லீட் என் இருக்கைக்கு வந்து, "கடைசி வரைக்கும் படிச்சியாப்பா?" என்று கேட்டபடியே திரையைக் கீழே உருட்டினார். அடியில், 'காஸ்டு பை' ('இதனால் விளைந்தது') என்று தொடங்கிய ஒரு வரியில், தரவுத்தளத்துக்குக் கொடுத்த கடவுச்சொல் தவறு என்று தெளிவாகவே எழுதியிருந்தது. நான் அதைப் படிக்காமல் விட்டதற்கு அவர் கோபப்படவில்லை. முந்தாநாளே ஏன் வந்து கேட்கவில்லை என்பதற்குத்தான் கோபித்துக்கொண்டார்.

பிழைச்செய்தி நம்மைத் திட்டுவதற்காக வருவதன்று, நிரல் எங்கே நின்றது என்பதற்கான வரைபடம் அது. ஆனால் அந்த வரைபடத்தை எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்பது மொழிக்கு மொழி மாறும். பைதானில் உண்மையான பிழை கடைசி வரியில் இருக்கும், அதற்கு மேலே இருப்பவை அங்கே வந்துசேர்ந்த வழி. ஜாவாவில் பிழையின் பெயர் முதல் வரியில் வரும், ஆனால் ஒரு பிழை இன்னொன்றால் எழுந்ததாக இருந்தால், மூலக் காரணம் கீழே உள்ள கடைசி 'காஸ்டு பை' வரியில் இருக்கும். இடையில் வரும் நூலகங்களின் நீண்ட பெயர்களைத் தாண்டி, உங்கள் புராஜெக்டின் கோப்புப் பெயர் எந்த வரியில் முதலில் தென்படுகிறது என்று தேடினால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கேட்காமல் இருப்பதும் கேட்கத் தெரியாமல் கேட்பதும்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஆனால் நம் வகுப்பறைகளில் சந்தேகம் கேட்ட பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் சிரித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தக் கூச்சம், ஐடி நிறுவனங்கள் வரிசைகட்டி நிற்கும் சென்னையின் ஓஎம்ஆர் சாலை வரை கூடவே வருகிறது. அரை மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம் தானாக முயன்றுபார்ப்பது நல்லது. அதற்கு மேலும் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பதை விடாமுயற்சி என்று யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவரவர் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று சொல்லும் காலை ஸ்டாண்டப் கூட்டத்தில் "போய்க்கொண்டிருக்கிறது" என்று மூன்று நாள் தொடர்ந்து சொல்பவரைப் பற்றித்தான் டீம் லீட் கவலைப்படத் தொடங்குவார்.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு. "லாகின் ஒர்க் ஆகல சார், கொஞ்சம் பாருங்க" என்று அனுப்பினால், படிப்பவர் பதிலுக்கு நான்கு கேள்விகள் கேட்க வேண்டியிருக்கும், அவருக்கு நேரமில்லை என்றால் அந்தச் செய்தி அப்படியே கிடக்கும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "சரியான கடவுச்சொல் கொடுத்தாலும் லாகின் பக்கத்தில் 401 வருகிறது. நேற்று மாலை வரை வேலை செய்தது. இன்று காலை மெயின் கிளையிலிருந்து புதிய நிரலை எடுத்த பிறகுதான் இப்படி. டோக்கனின் காலாவதி நேரத்தைப் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. அடுத்து எங்கே பார்க்கலாம்?" (401 என்பது உள்நுழைவை ஏற்கவில்லை என்று சர்வர் தரும் பிழை எண்; மெயின் கிளை என்பது நிரலின் பொதுப் பிரதி; டோக்கன் என்பது உள்நுழைந்தவருக்குத் தரப்படும் அடையாளச் சீட்டு.) இதைப் படிப்பவர் உடனே யோசிக்கத் தொடங்கிவிடுவார். இன்னொரு நன்மையும் உண்டு: இவ்வளவு விவரமாக எழுத உட்கார்ந்தால், அனுப்புவதற்கு முன்பே விடை பல நேரம் நமக்கே புலப்பட்டுவிடும். பிழைச்செய்தியைக் கைபேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எழுத்தாக ஒட்டினால்தான் அதைத் தேட முடியும்.

புரியாத நிரலுக்குச் சொந்தம் கொண்டாடுவது

முன்பெல்லாம் நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து எடுத்து ஒட்டினார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, ஏஐ கருவிகள் எழுதித் தருவதை ஒட்டுகிறார்கள். கருவியைப் பயன்படுத்துவது தவறன்று, அதை இப்போது எல்லோரும் செய்கிறோம். நம் நிரலைச் சக ஊழியர்கள் படித்துப்பார்க்கும் ரிவ்யூவில் "இந்த வரி எதற்கு?" என்று கேட்கும்போது விடை சொல்ல முடியாத கோடை, அதாவது நிரலை, தன் பெயரில் கமிட் செய்வதுதான் (பதிவுசெய்வதுதான்) தவறு. அந்தக் கோடு நள்ளிரவில் நின்றுபோனால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். வாடிக்கையாளரின் தரவையோ நிறுவனத்தின் உள் கோடையோ அனுமதியில்லாத வெளிக்கருவியில் ஒட்டுவது இதைவிடப் பெரிய தவறு. எந்தக் கருவிக்கு அனுமதி உண்டு என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

'என் கணினியில் ஓடுகிறதே'

தான் எழுதிய நிரலைத் தனக்குச் சாதகமான தரவைக் கொடுத்தே சோதிப்பது புதியவர்களின் இயல்பு. பெயர் கேட்கும் பெட்டியில் நான்கெழுத்து ஆங்கிலப் பெயரைத் தட்டிப் பார்த்து, வேலை முடிந்தது என்று, அந்த வேலைக்கான பதிவான டிக்கெட்டை மூடிவிடுவார்கள். அதே பெட்டியில் 'தமிழ்' என்று தட்டிப் பாருங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பைதானில் அதன் நீளத்தைக் கேட்டால் 5 என்று வரும். 'மி' என்பதை 'ம' என்றும் இகரக் குறி என்றும், 'ழ்' என்பதை 'ழ' என்றும் புள்ளி என்றும், எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் தனித்தனியாக வைத்திருப்பதே காரணம். அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் இந்த ஐந்தும் மும்மூன்று பைட்டாக 15 பைட் ஆகிவிடும். பெயருக்கு இருபது பைட் போதும் என்று நினைத்து அமைத்த இடத்தில் 'மீனாட்சி சுந்தரம்' எப்படி நுழைவார்? கடைசிப் பெயர் கட்டாயம் என்று கேட்கும் படிவத்தில் இனிஷியல் மட்டுமே உள்ள நம் ஊர்க்காரர் எதை நிரப்புவார் என்பதையும் அதே கையோடு யோசித்துவிடலாம்.

நேரமும் இப்படித்தான் காலை வாரும். சர்வர் உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடினால், அதற்கு நாள் பிறப்பது நம் காலை 5:30 மணிக்கு. நள்ளிரவுக்கும் 5:30-க்கும் இடையே நடந்த விற்பனை முந்தைய நாள் கணக்கில் போய் விழும். பகல் வேளையில் சோதிக்கும்வரை எல்லாம் சரியாகவே தெரியும், முதல் மாத அறிக்கையில்தான் கணக்கு உதைக்கும்.

தவறு செய்துவிட்டு வாய்திறக்காமல் இருப்பது

தரவுத்தளத்தோடு பேசும் மொழியான எஸ்கியூஎல்லில் 'அப்டேட்' கட்டளை எழுதி, எந்த வரிகளை மாற்ற வேண்டும் என்று சொல்லும் 'வேர்' (where) என்ற நிபந்தனையை விட்டுவிட்டு என்டர் தட்டினால், ஒரு வாடிக்கையாளரின் முகவரிக்குப் பதிலாக எல்லா வாடிக்கையாளரின் முகவரியும் மாறிவிடும். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தள மென்பொருள்களில் நாமாக டிரான்சாக்‌ஷனைத் தொடங்காவிட்டால், தட்டிய கட்டளை அந்தக் கணமே நிரந்தரமாகிவிடும். எனவே முதலில் அதே நிபந்தனையோடு 'செலக்ட்' செய்து எத்தனை வரிகள் வருகின்றன என்று பார்க்க வேண்டும். பிறகு 'பிகின்' என்று டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி (உறுதிசெய்யும்வரை மாற்றம் நிரந்தரமாகாது), மாற்றிய வரிகளின் எண்ணிக்கை பொருந்தினால் மட்டுமே 'கமிட்' செய்ய வேண்டும். மைஎஸ்கியூஎல்லின் கட்டளைக் கருவியில் நிபந்தனையில்லாத அப்டேட்டைத் தடுக்க ஒரு வசதி உண்டு. அதற்கு அதை உருவாக்கியவர்கள் வைத்த மாற்றுப் பெயர் 'ஐ ஆம் எ டம்மி', அதாவது 'நான் ஒரு மண்டு'. அனுபவசாலிகளும் கூச்சமில்லாமல் பயன்படுத்துகிற வசதி அது.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் தவறு நடக்கும். 2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு முதன்மைச் சர்வரின் தரவுத்தளக் கோப்புறையை அழித்தார். தவறு உறைத்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிபி தரவில் சில ஜிபி மட்டுமே எஞ்சியிருந்தது. பேக்கப் எடுக்கப் பல வழிகள் வைத்திருந்தும் அவற்றில் எதுவும் நம்பும்படியாக இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு காரணத்துக்காக எடுத்துவைத்த ஒரு நகல் கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். ஆனால் அந்தப் பொறியாளர் மறைக்கவில்லை, நிறுவனமும் மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரடியாகவே காட்டினார்கள், பிறகு யாரையும் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டாமல் முழு அறிக்கை வெளியிட்டார்கள். நடந்தது உடனே தெரிந்ததால்தான் மற்றவர்கள் ஓடிவந்து மீட்கத் தொடங்க முடிந்தது. நம் ஊரில் எல்லா மேலாளரும் இப்படி நடந்துகொள்வார்கள் என்று நான் உறுதி தர மாட்டேன். இருந்தாலும், ஐந்தாவது நிமிடத்தில் சொல்லப்பட்ட தவறுக்குக் கிடைக்கும் மன்னிப்பு, அடுத்த நாள் லாகில் (சர்வரின் பதிவேட்டில்) கண்டுபிடிக்கப்பட்ட தவறுக்கு எங்கும் கிடைப்பதில்லை.

மறைக்க முயன்றாலும் மறையாத ஒன்று, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் கமிட் செய்த கடவுச்சொல். அடுத்த கமிட்டில் அந்த வரியை நீக்கிவிட்டால் போயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. பழைய கமிட்களைப் பத்திரமாக வைத்திருப்பதற்காகவே செய்யப்பட்ட கருவி கிட்; வரலாற்றில் அந்தக் கடவுச்சொல் அப்படியே இருக்கும். உரியவரிடம் சொல்லி, அந்தக் கடவுச்சொல்லையே செல்லாததாக்கிப் புதியது வாங்குவதுதான் முதல் வேலை, வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்கு அடுத்தது.

எந்த மொழி என்று அலைவது

இதற்கு அதிக இடம் தேவையில்லை. 2010-இல் வந்து ஒரு காலத்தில் எல்லா வேலை விளம்பரத்திலும் இருந்த, வலைச்செயலிகள் எழுத உதவும் ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு 2021 முடிவோடு ஆதரவு நிறுத்தப்பட்டது. 1970-களில் ஐபிஎம்மில் பிறந்த எஸ்கியூஎல் இன்றும் எல்லா நேர்காணலிலும் கேட்கப்படுகிறது. ஒரு மொழியை ஓராண்டு விடாமல் பிடித்துக்கொண்டு, கூடவே எஸ்கியூஎல், லினக்ஸ் கட்டளைகள், கிட், உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபி ஆகியவற்றைக் கற்றால் போதும். ஆறு வாரத்துக்கு ஒரு புதிய கோர்ஸ் வாங்கி ஒவ்வொன்றிலும் மூன்றாவது பாடத்தோடு நிற்பவர்களுக்கு, கடைசியில் முதல் மூன்று பாடங்கள் மட்டும் நன்றாகத் தெரியும்.

ரெஸ்யூமேயும் கையெழுத்தும்

இல்லாத அனுபவத்தைச் சேர்த்து ரெஸ்யூமே தயாரித்துத் தரும் கன்சல்டன்சிகள் உண்டு. இரண்டு ஆண்டு அனுபவச் சான்றிதழுக்கு விலையும் சொல்வார்கள். ஆனால் பிஎஃப் பிடிக்கும் ஒவ்வொரு ஊழியருக்கும் யுஏஎன் என்ற எண் உண்டு, எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலை செய்தார் என்பது அதில் பதிவாகியிருக்கும். பின்னணிச் சரிபார்ப்பில் அதைப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. சேர்ந்து மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடித்து அனுப்பினால், அதுவரை உண்மையாகச் செய்த வேலையும் அதோடு வீணாகும்.

ஆஃபர் லெட்டரில் புரியாததைக் கேட்காமல் கையெழுத்திடுவதும் அதே கூச்சத்தின் இன்னொரு முகம்தான். ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் சிடிசி (நிறுவனம் நமக்காகச் செய்யும் மொத்தச் செலவு) என்றதும் மாதம் 35,000 கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். அடிப்படைச் சம்பளம் மாதம் 17,500 என்று வைத்துக்கொண்டால், நிறுவனத்தின் பிஎஃப் பங்கு மாதம் 1,800 வீதம் ஆண்டுக்கு 21,600; பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு அடிப்படைச் சம்பளத்தில் 4.81 விழுக்காடு, சுமார் 10,100, காப்பீட்டுக்கு 6,000, ஆண்டிறுதியில் தரப்படலாம், தரப்படாமலும் போகலாம் என்ற வேரியபிள் பே 30,000. இவ்வளவும் அந்த 4,20,000-க்குள்தான் அடக்கம். இவை போக, உங்கள் பங்குப் பிஎஃப் மாதம் 1,800-ஐயும் கழித்தால், கைக்கு வருவது 27,500-ஐ ஒட்டித்தான் இருக்கும். சேரும் முன்பே மாதாமாதம் கைக்கு என்ன வரும் என்று எச்ஆரிடம் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

வேலையில் சேரும்போது நிறுவனம் எழுதி வாங்கும் பாண்ட் (ஒப்பந்தம்) செல்லவே செல்லாது என்று நண்பர்கள் சொல்வதையும் நம்பிவிட வேண்டாம். வேலையை விட்ட பிறகு வேறெங்கும் சேரக் கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தத்தை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது. அது ஒரு பக்கம். இத்தனை ஆண்டு இருக்க வேண்டும், இல்லையென்றால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை வேறு. ஒரு பொதுத்துறை வங்கி விதித்த மூன்றாண்டு, இரண்டு லட்ச ரூபாய் நிபந்தனையை 2025-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொன்னது. எனவே தொகை எவ்வளவு, காலம் எவ்வளவு, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்பதைக் கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டும். அசல் மதிப்பெண் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொல்லும் இடத்திலும், வேலைக்கு முன்பணம் கேட்கும் இடத்திலும் சேராமல் இருப்பதே நலம்.

வேலை மாறும்போது நடக்கும் ஒரு சிறு தவறையும் சொல்லிவிடுகிறேன். அலுவலக மின்னஞ்சலும் ஊழியர் போர்ட்டலும் கடைசி நாள் மாலையிலேயே மூடப்பட்டுவிடும். சம்பளச் சீட்டுகளும், கிடைத்திருக்கும் வருமான வரிப் பிடித்தச் சான்றிதழ்களும், ரிலீவிங் லெட்டர் தொடர்பான கடிதங்களும் அதற்குள் உங்கள் சொந்தக் கணினிக்கு வந்திருக்க வேண்டும். நிறுவனத்தின் கோடு ஒரு வரிகூட வரக் கூடாது. பழைய பிஎஃப் பணத்தை எடுத்துச் செலவு செய்யாமல் அதே யுஏஎன்னில் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஐந்து ஆண்டு தொடர் சேவை முடியும் முன் எடுத்தால் அதற்கு வரியும் உண்டு.