கலங்கிய குளத்திலிருந்து தங்கமீன்களைப் பிடித்து இடம் மாற்றுவது எப்படி?

கலங்கிய குளத்தில் வலையோடு இறங்கி மீனைத் துரத்தினால் அடிச்சேறு முழுவதும் கிளம்பிவிடும். மீன் அந்தச் சேற்றுக்குள்ளேயே ஒளியும். செவுளில் மண் அடைத்து, மூச்சு முட்டி, மேலே வந்து வாயைப் பிளக்கும். அப்படிப் பிடித்த மீன் அன்று உயிரோடு இருந்தாலும் சில நாளில் செத்து மிதக்கக்கூடும். அதனால் வேலையின் வரிசை முக்கியம்: முதலில் நல்ல தண்ணீரை எடுத்து வைக்க வேண்டும், அடுத்து குளத்தை வற்ற வைக்க வேண்டும், கடைசியில்தான் மீனைத் தொட வேண்டும்.

இங்கே 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 60 சென்ரிமீற்றர் ஆழம் உள்ள ஒரு வீட்டுக் குளத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். அதில் ஏறக்குறைய 3,600 லீற்றர் தண்ணீர் இருக்கும்.

முதலில் நிறத்தைப் பாருங்கள்

ஒரு கண்ணாடிக் கிளாசில் குளத்துத் தண்ணீரை அள்ளி வெளிச்சத்தில் பிடியுங்கள். பிளேன்டீ மாதிரிச் சிவந்து, ஆனால் தெளிவாக இருந்தால் அது உதிர்ந்த இலையின் சாயம். மீனுக்குப் பெரிய கெடுதல் இல்லை. பால்தேத்தண்ணி மாதிரி இருந்தால் மண். மழையில் சரிவிலிருந்து கழுவி வந்திருக்கும், அல்லது மீன்களே இரை தேடி அடியைக் கிளறியிருக்கும். தங்கமீனுக்கு மண்ணை வாயில் அள்ளித் துப்பும் பழக்கம் உண்டு. ஆகையால் இந்தக் கலங்கல் முழுதாகத் தெளியும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

பச்சையாக இருந்தால்தான் கூடுதல் கவனம் தேவை. அது நுண்பாசி. பகலில் ஒட்சிசன் கொடுக்கும் அதே பாசி இரவில் ஒட்சிசனை இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவாக இருக்கும். பச்சைக் குளத்தில் காலை 9 மணிக்கு முன் மீனைத் தொடவே வேண்டாம்.

நாளும் நேரமும்

இரண்டு மூன்று நாட்கள் மழை இல்லாத காலமாகப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழை அடிக்கும் மே முதல் செப்ரெம்பர் வரை இலங்கை மலையகத்தின் மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், தலவாக்கலைப் பக்கங்களில், அப்படி நாள் கிடைப்பது கடினம். ஜனவரி முதல் மார்ச் வரை வசதியான காலம். ஆனால் நுவரெலியாவில் அப்போது உறைபனி விழும் இரவுகள் உண்டு. வெயில் ஏறி, தண்ணீரின் குளிர் சற்றுக் குறைந்தபின் தொடங்குங்கள். முந்தின நாள் முழுவதும் இரை போடாதீர்கள். வயிறு காலியான மீன் வாளித் தண்ணீரை அவ்வளவு அசுத்தப்படுத்தாது.

என்னென்ன வேண்டும்

200 லீற்றர் பிளாஸ்ரிக் பீப்பாய் ஒன்று (முன்பு கிருமிநாசினியோ உரமோ இருந்த பீப்பாய் கூடவே கூடாது), மூடியுள்ள 20 லீற்றர் வாளிகள் இரண்டு மூன்று, பெரிய பேசின் ஒன்று, ஒரு அங்குல ஹோஸ் பைப், பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப், கல்லுப்பு, நீண்ட கம்புகள் இரண்டு.

வலையில்தான் பலர் தவறு செய்கிறார்கள். மரக்கறித் தோட்டத்துக்குப் போடும் பச்சை நிழல்வலை சொரசொரப்பானது, செதிலை உரித்துவிடும். செதில் போன இடத்தில் பஞ்சுபோலப் பூஞ்சணம் பிடிக்கும். நுளம்பு வலை மிருதுவானது, ஆனால் கண் சிறியது. சேறு அடைத்துக்கொண்டு இழுக்கவே முடியாத கனமாகிவிடும். அதைக் குஞ்சு அள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மீனுக்கு 6 முதல் 10 மில்லிமீற்றர் கண்ணுள்ள, முடிச்சில்லாத மிருதுவான வலை வேண்டும். குளத்தின் அகலத்தைவிட அரை மீற்றர் கூடுதலாக வெட்டி, இரு முனைகளையும் கம்புகளில் கட்டுங்கள். கீழ் விளிம்பை மடித்துத் தைத்து, அந்த மடிப்புக்குள் ஒரு மெல்லிய சங்கிலியைச் செருகுங்கள். கீழ் விளிம்பு தரையோடு ஒட்டாவிட்டால் அத்தனை மீனும் அடியால் நழுவிவிடும்.

படி 1: நல்ல தண்ணீரை எடுத்து வைத்தல்

யாரும் குளத்தில் இறங்குமுன், மேல்மட்டத் தண்ணீரை வாளியால் மெதுவாக அள்ளிப் பீப்பாயை நிரப்புங்கள். மீன் பழகிய தண்ணீர் இதுதான். குளோரின் இல்லை, வெப்பநிலை மாற்றமும் இல்லை. சேறு கிளம்பிய பிறகு இந்தத் தண்ணீர் திரும்பக் கிடைக்காது. பீப்பாயை நிழலில் வைத்து, காற்றுப் பம்பைப் போட்டு, லீற்றருக்கு 2 கிராம் வீதம் கல்லுப்புக் கரைத்து விடுங்கள். 200 லீற்றருக்கு 400 கிராம். பிடிபட்ட அதிர்ச்சியில் மீன் உடலிலிருந்து உப்பை இழக்கும், இது அந்த இழப்பைக் குறைக்கும்.

படி 2: குளத்தை வற்ற வைத்தல்

மலைச்சரிவு இதற்குக் கைகொடுக்கும். ஹோஸ் பைப்பில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் குளத்தில் அமிழ்த்தி, மறுமுனையைக் கீழ்ப்பக்கம் இறக்கினால் கரண்ட் இல்லாமலே தண்ணீர் ஓடும். ஒரு மீற்றர் இறக்கத்தில், 10 மீற்றர் நீளமான ஒரு அங்குலப் பைப் மணிக்கு ஏறத்தாழ 2,000 லீற்றர் இறைக்கும். அரை அங்குலப் பைப் மணிக்கு 300, 400 லீற்றர்தான், பொழுது போய்விடும். குளத்துக்குள் இருக்கும் முனையை நுளம்பு வலையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி, அடியில் படாமல் ஒரு செங்கல்லின் மேல் வையுங்கள். இல்லாவிட்டால் குஞ்சுகள் பைப்போடு போய்விடும்.

மோட்டார் வைத்து இறைப்பதானால், பிளக்கைக் கழற்றிய பிறகே குளத்தில் கால் வையுங்கள். இதில் விளையாட்டே வேண்டாம்.

தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது அல்லிச் சாடிகளையும் கற்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வையுங்கள். ஆகாயத்தாமரையின் வேரைக் கையில் பிடித்து உற்றுப் பாருங்கள். குண்டூசித் தலையளவு கண்ணாடி மணிகள் ஒட்டியிருந்தால் அவை முட்டைகள். அந்தச் செடியைக் குளத்துத் தண்ணீர் நிரப்பிய தனி வாளியில் போடுங்கள்.

15 முதல் 20 சென்ரிமீற்றர் தண்ணீர் மிச்சமிருக்கும்போது நிறுத்துங்கள். அப்போது மீன்களின் முதுகு கோடு போட்டதுபோல் மேலே தெரியும்.

படி 3: பிடித்தல்

சேற்றில் இறங்குபவருக்கு முழங்கால் உயர றப்பர் பூட்ஸ் கட்டாயம். தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு. கையிலோ காலிலோ வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு வேறொருவர் இறங்கட்டும். அட்டைக்குப் பயந்து சவர்க்காரம் பூசிக்கொண்டு இறங்காதீர்கள், சவர்க்காரம் செவுளைக் கெடுக்கும்.

இருவர் இரு கம்புகளையும் பிடித்து, கீழ் விளிம்பு முந்திப்போக, நடையைவிட மெதுவாக ஒரு மூலையை நோக்கி நகருங்கள். வேகமாக இழுத்தால் மீன் துள்ளும், வலையைத் தாண்டும். மூலையில் மீன்கள் ஒதுங்கியதும் வலையைத் தூக்காதீர்கள். தண்ணீருக்குள் பேசினை அமிழ்த்தி, மீனைத் தண்ணீரோடு சேர்த்து அள்ளுங்கள். வலையில் தொங்கும் மீனின் முழுப் பாரமும் துடுப்பிலும் கண்ணிலும் விழும். கண் பிதுங்கிய வகையும் தலையில் கொண்டை உள்ள வகையும் இதில் சுலபமாகக் காயப்படும். கையால் தொடுவதானால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள்.

பத்து நிமிடம் இழுத்தால் கால்மணி நேரம் ஓய்வு விடுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் சேற்றுக்குள் இருந்த நச்சுவாயு கிளம்பிவிட்டது என்று பொருள். அப்போது ஓய்வு விட வேண்டாம். மிச்ச மீனை உடனே எடுத்துவிடுங்கள்.

எல்லாம் பிடித்தாயிற்று என்று தோன்றினாலும் அந்தக் கொஞ்சத் தண்ணீரை அப்படியே விட்டு, மேலே ஒரு வலையைப் போட்டு மூடுங்கள். கொக்கும் காகமும் பார்த்துக்கொண்டிருக்கும். மறுநாள் சேறு படிந்தபின் பார்த்தால் ஒன்றிரண்டாவது கிடைக்கும். சேற்றில் பக்கவாட்டாகப் படுத்திருக்கும் மீனை முதல் நாளில் யாராலும் காண முடியாது.

அவசரம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. தண்ணீருக்குள் ஒரு வளைய வலையை அமிழ்த்தி வைத்து, ஒரு வாரம் அதே இடத்தில், அதே நேரத்தில் இரை போடுங்கள். மீன்கள் பழகியதும் ஒரே தூக்கில் பாதி வந்துவிடும். கடுங்குளிரில் மீன் சரியாகத் தின்னாது, அந்த மாதங்களில் இது சரிவராது.

படி 4: கொண்டுபோதல்

10 சென்ரிமீற்றர் நீள மீன் என்றால், காற்றுப் பம்போடு 200 லீற்றர் பீப்பாயில் சில மணி நேரத்துக்கு 20 போதும். ஒரு மணிக்குள் முடியும் பயணத்துக்கு 20 லீற்றர் வாளியில் நான்கைந்து. வாளியை முக்கால்வாசி நிரப்பி, மூடியில் துளை போட்டு, ஈரச் சாக்கால் போர்த்துங்கள். இருட்டில் மீன் அமைதியாக இருக்கும். வளைவுப் பாதையில் வாளி ஆடாதபடி கயிற்றால் கட்டுங்கள்.

பொலித்தீன் பையில் கொண்டுபோனால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு காற்று. பையின் அடி மூலைகளை றப்பர் வளையத்தால் கட்டிவிடுங்கள், அங்கேதான் சிறு மீன் நசுங்கும். மலையகத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் இறுக்கிக் கட்டிய பையின் காற்று இங்கே வரும்போது கால் பங்கு விரியும், பை வெடிக்கவும் கூடும். மேலே ஏறும் பயணத்துக்குப் பையைத் தளர்வாகக் கட்டுங்கள். கீழே இறங்கும்போது பை தொய்வது இயல்பு, கசிவு என்று பயப்பட வேண்டாம்.

படி 5: புதிய இடத்தில் விடுதல்

கட்டி முடித்த புதுச் சீமெந்துத் தொட்டியில் நேரடியாக விடாதீர்கள். சுண்ணாம்பு கரைந்து தண்ணீர் கடுங்காரமாக இருக்கும். தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் விட்டுக் கொட்டுங்கள். இப்படி மூன்று முறை. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் குளோரின் நீக்கியைப் போத்தலில் சொன்ன அளவுக்கு விடுங்கள். தோட்டத்துப் பீலித் தண்ணீரில் பெரும்பாலும் குளோரின் இருக்காது, ஆனால் சில்லென்று இருக்கும்.

நுவரெலியாக் குளிரிலிருந்து கண்டிக்கு இறக்கினால் தண்ணீரின் வெப்பநிலையில் பல பாகை வித்தியாசம் இருக்கும். பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு, வித்தியாசம் 2 பாகைக்குள் வந்த பிறகே விடுங்கள். குறுகிய பயணம் என்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை புதுத் தண்ணீரைப் பைக்குள் கலந்து பழக்கலாம். ஐந்தாறு மணி நேரம் கட்டியிருந்த பைக்கு இது பொருந்தாது. திறந்ததும் கரியமிலவாயு வெளியேறி, உள்ளே சேர்ந்திருக்கும் அமோனியா நச்சாக மாறும். வெப்பநிலை ஒத்துப்போனதும் பையைத் திறந்து, மீனை மட்டும் எடுத்து விட்டு, பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

முதல் நாள் இரை வேண்டாம். அடுத்த ஒரு வாரம் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போடுங்கள். துடுப்பில் சிவப்புக் கோடுகள், உடலில் வெண்படலம், ஓரத்தில் ஒதுங்கி நிற்றல், இவை தெரிந்தால் உடனே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, காற்றைக் கூட்டுங்கள்.

மிஞ்சிய மீனை ஓடையிலோ ஓயாவிலோ விட்டுவிடாதீர்கள்; அங்கே வாழும் நம் நாட்டு மீன்களின் இரையையும் அடித்தரையையும் தங்கமீன் கெடுத்துவிடும். கேட்பவருக்குக் கொடுங்கள். பழைய குளத்தின் சேற்றை வெயிலில் உலர்த்தி லீக்ஸ், கோவாப் பாத்திகளுக்குப் போடலாம். பீப்பாயின் உப்புத் தண்ணீரைப் பாத்தியில் ஊற்ற வேண்டாம். மீன் இல்லாத குளத்தில் தண்ணீர் தேங்கினால் நுளம்பு பெருகும், மறுநாள் மிச்ச மீனையும் எடுத்தவுடனே வடித்துவிடுங்கள்.