ப்ளூஸ்பிரேக்கர்ஸ்: ஆள் மாறிக்கொண்டே இருந்த குழுவைக் கேட்பது எப்படி?

1960-களில் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசையை வாசித்த பிரிட்டிஷ் குழு, ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ். அதைக் கேட்கத் தொடங்குகிறவர்கள் முதலில் உறுப்பினர் பட்டியலைத் தேடுகிறார்கள். அதன் நீளத்தைப் பார்த்ததும் மலைத்துப்போகிறார்கள். என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பட்டியலை ஒதுக்கிவையுங்கள். மூன்று ஆல்பங்களை வெளிவந்த வரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள். 1966 ஜூலையில் வந்த 'ப்ளூஸ் பிரேக்கர்ஸ் வித் எரிக் கிளாப்டன்', 1967 பிப்ரவரியில் வந்த 'எ ஹார்ட் ரோடு', அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'க்ரூசேட்'. பதினான்கு மாதங்களில் கிட்டார் கலைஞர் மூன்று பேர்: எரிக் கிளாப்டன், பீட்டர் கிரீன், மிக் டெய்லர். டிரம்ஸிலும் மூன்று பேர்: ஹ்யூயி ஃப்ளின்ட், அய்ன்ஸ்லி டன்பார், கீஃப் ஹார்ட்லி.

மாறாதவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் பெரும்பாலான பாட்டுகளைப் பாடுவதும், ஆர்கனும் ஹார்மோனிகாவும் வாசிப்பதும் மேயால். பேஸ் கிட்டார் ஜான் மெக்வீ. தயாரிப்பாளர் மைக் வெர்னன். இவ்வளவும் அப்படியே இருப்பதால், கிட்டார் மாறும்போது என்ன மாறுகிறது என்பது பளிச்சென்று காதில் விழும். இப்படி ஒரு வசதி வேறு எந்தக் குழுவிலும் இவ்வளவு சுத்தமாக எனக்குக் கிடைத்ததில்லை.

இனி என் வழிமுறை. மூன்று ஆல்பங்களிலும் அமெரிக்க ப்ளூஸ் மேதை ஃப்ரெடி கிங்கின் வாத்திய இசை ஒவ்வொன்று இருக்கிறது. முதலாவதில் 'ஹைட்அவே', இரண்டாவதில் 'தி ஸ்டம்பிள்', மூன்றாவதில் 'டிரைவிங் சைட்வேஸ்'. இந்த மூன்றையும் அடுத்தடுத்து போடுங்கள். பாட்டு வரிகள் கிடையாது, கவனம் சிதறாது. ஒருமுறை கிட்டாரை மட்டும் கேளுங்கள், மறுமுறை மெக்வீயின் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். பிறகு ஃப்ரெடி கிங்கின் மூலப் பதிவுகளுக்குப் போகலாம். அவற்றை முதலில் கேட்டுவிட்டால் இந்த மூன்று இளைஞர்களையும் நகலெடுப்பவர்களாகவே காது எடைபோடும். அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

'ஹைட்அவே'யின் நடுவில் மற்ற வாத்தியங்கள் சட்டென்று ஒதுங்கி, கிட்டார் தனியே பேசும் இடம் வரும். அங்கே நின்று கேளுங்கள். ஒலி கனத்து, ஓரம் லேசாகக் கிழிந்து வருகிறதல்லவா? கிப்ஸன் லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகி, மேடையில் வைக்கும் சத்தத்திலேயே ஸ்டுடியோவிலும் வாசிப்பேன் என்று கிளாப்டன் பிடிவாதம் பிடித்ததன் பலன் அது. அந்தக் காலத்து ஒலிப்பதிவாளர்களுக்கு அது பழக்கமில்லாத காரியம். பின்னால் வந்த ராக் கிட்டாரில் பாதி இந்தச் சத்தத்தின் வாரிசு என்பது என் கருத்து.

அந்த ஆல்பம் கடைக்கு வருவதற்குள் கிளாப்டன் 'க்ரீம்' குழுவுக்குக் கிளம்பிவிட்டார். அவர் இடத்தில் வந்த 19 வயது கிரீனைப் புரிந்துகொள்ள 'தி ஸ்டம்பிள்' மட்டும் போதாது, அதே ஆல்பத்தில் அவரே எழுதிய 'தி சூப்பர்நேச்சுரல்' வேண்டும். இதற்குக் கட்டாயம் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு சுரத்தை மீட்டிவிட்டு விடாமல் பிடித்துக்கொள்கிறார். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் ஒலியே கம்பியை மறுபடி அதிரவைக்க, சுரம் தேயாமல் நிற்கிறது. கைவேகத்தைக் காட்ட அங்கே ஒன்றுமே இல்லை. மூவரில் எனக்கு நெருக்கமானவர் கிரீன்தான்.

1967-லேயே கிரீன் விலகி 'ஃப்ளீட்வுட் மேக்' குழுவைத் தொடங்கினார். சில வாரங்கள் மேயாலிடம் டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட் அதில் சேர்ந்தார், கொஞ்சம் தாமதமாக மெக்வீயும் போனார். அடுத்து வந்த டெய்லருக்கு வயது 18. 'டிரைவிங் சைட்வேஸ்' கேட்கும்போது, சுரங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு வழுக்கிக்கொண்டு போகின்றன என்று கவனியுங்கள். இந்த ஆல்பத்தில் சாக்ஸபோன்களும் சேர்ந்திருப்பதால் கிட்டாருக்கு இடம் குறைவு, ஆனாலும் பையன் நெருக்கியடிக்கவில்லை. 1969-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அவரை அழைத்துக்கொண்டது.

இந்தக் குழுவைக் கிட்டார் பள்ளிக்கூடம் என்று சொல்லி முடித்துவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேயால் 1933-ல் பிறந்தவர். கிராஃபிக் டிசைன் வேலை பார்த்தவர். 1963-ல் லண்டனுக்கு வரும்போதே முப்பதை நெருங்கிவிட்டவர். அவருடைய மெல்லிய உச்சக் குரல் எல்லோருக்கும் பிடிக்காது. ஆனால் தன்னைவிடப் பத்து, பதினைந்து வயது இளையவர்களை முன்னால் நிறுத்தி, தான் ஆர்கனில் பின்னால் நின்றார். போனவரைப் போலவே வாசி என்று வந்தவரிடம் கேட்கவில்லை. ஆல்பங்களே அதற்குச் சாட்சி.

மூன்றும் பழகிய பிறகு 1968-ன் 'பேர் வயர்ஸ்' கேளுங்கள், ஜாஸ் வாடை தூக்கலாக இருக்கும். அதையடுத்து 'தி டர்னிங் பாயிண்ட்'டுக்குத் தாவிவிடலாம். 1969 ஜூலையில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவான கச்சேரி அது. டிரம்ஸே கிடையாது, சீறும் எலெக்ட்ரிக் கிட்டாரும் கிடையாது. ஜான் மார்க்கின் அகூஸ்டிக் கிட்டார், ஜானி ஆல்மண்டின் சாக்ஸபோனும் புல்லாங்குழலும், ஸ்டீவ் தாம்ப்ஸனின் பேஸ், மேயாலின் ஹார்மோனிகாவும் கிட்டாரும், அவ்வளவுதான். 'ரூம் டு மூவ்' பாட்டில் தாளத்தை யார் தாங்குகிறார்கள் என்று தேடிப் பாருங்கள். ஹார்மோனிகாவோடு மேயால் வாயாலேயே போடும் தாளக்கட்டு பிடிபட்டதும், 1980-களில் வால்டர் ட்ரவுட், கோகோ மோன்டோயா என்ற இரு கிட்டார் கலைஞர்கள் இந்தக் குழுவில் சேர்ந்து வாசித்த காலத்துக்குப் போகலாம்.