அமெரிக்காவில் பாலினப் பாகுபாடு, பாலியல் தொல்லை வழக்கு: கோர்ட்டில் என்னென்ன கேட்கலாம்?

பெண் என்பதால் பதவி உயர்வு தராமல் இழுத்தடித்தார்கள், மேலாளரின் தொல்லையைப் பற்றி வாய் திறந்ததும் வேலையே போய்விட்டது என்று சொல்கிறவர்கள் அடுத்து கேட்பது, "வழக்குப் போட்டால் எவ்வளவு கிடைக்கும்?" என்றுதான். அதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள். 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தில் டைட்டில் செவன் என்ற பகுதிதான் இதற்கு அடிப்படை. 15 பேராவது வேலை பார்க்கும் நிறுவனங்களுக்குப் பொருந்தும், விசாவில் இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் நேரே கோர்ட்டுக்குப் போக முடியாது. சம்பவம் நடந்த 180 நாளுக்குள், மாநிலத்திலும் இதற்கென அமைப்பு இருந்தால் பெரும்பாலும் 300 நாளுக்குள், ஈஈஓசி எனப்படும் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். எச்ஆரிடம் எழுதிக் கொடுத்தாச்சே என்று உட்கார்ந்திருக்காதீர்கள், அதனால் இந்தக் கெடு நீளாது. வழக்குப் போடலாம் என்று ஆணையத்தின் கடிதம் வந்தபிறகு 90 நாள்தான்.

சரி, பணத்துக்கு வருவோம். முதலில் பேக் பே, அதாவது உங்களுக்கு வந்திருக்க வேண்டிய சம்பளம். மாதம் 6,000 டாலர் வாங்கிக்கொண்டிருந்தவரை நீக்கிவிட்டார்கள், தீர்ப்பு வர 14 மாதம் ஆனது என்று வையுங்கள்: 84,000 டாலர். நடுவில் 8 மாதம் வேறு இடத்தில் 3,500 வீதம் சம்பாதித்திருந்தால் அந்த 28,000 கழியும், மிச்சம் 56,000. வேலை தேடாமல் சும்மா இருந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு நிரூபித்துவிட்டால் இன்னும் குறையும். அதனால் ஒரு நோட்டு போடுங்கள். எந்தத் தேதியில், எந்த வேலைக்கு விண்ணப்பித்தீர்கள், என்ன பதில் வந்தது என்று வரிசையாக எழுதி வையுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் "மார்ச் மாதம் எத்தனை இடத்துக்கு விண்ணப்பித்தீர்கள்?" என்று அவர்கள் வக்கீல் கேட்கும்போது ஞாபகம் கைகொடுக்காது.

மறுபடி வேலையில் சேர்க்கச் சொல்லியும் கேட்கலாம். அதே மேலாளரின் கீழ் இனி குப்பை கொட்ட முடியாது என்கிற நிலையில், அதற்குப் பதிலாக வருங்காலச் சம்பள இழப்பை, ஃப்ரன்ட் பேயை, கோர்ட் தரலாம்.

மன உளைச்சலுக்கான நஷ்டஈடும், நிறுவனத்துக்குப் பாடம் புகட்டும் தண்டனைத் தொகையும் 1991 சட்டத்தில் வந்தவை. இரண்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு உண்டு: 100 ஊழியர் வரை 50,000 டாலர், 200 வரை 1,00,000, 500 வரை 2,00,000, அதற்கு மேல் 3,00,000. எத்தனை பெரிய நிறுவனமாக இருந்தாலும் அவ்வளவுதான், 1991இல் போட்ட தொகை இன்னும் ஒரு டாலர்கூட ஏறவில்லை என்பது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது. பேக் பேயும் ஃப்ரன்ட் பேயும் இந்த வரம்புக்குள் வராது. வரம்பே இல்லாத மாநிலச் சட்டங்களும் இருப்பதால், டைட்டில் செவனையும் மாநிலச் சட்டத்தையும் சேர்த்து வழக்குப் போட முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். ஜெயித்தால் நியாயமான வக்கீல் செலவையும் நிறுவனத்திடமே வாங்கலாம். ஆனால் டைட்டில் செவனில் மேலாளரின் சொந்தப் பாக்கெட்டிலிருந்து பணம் வராது, நிறுவனம்தான் கட்டும்.

அப்புறம், வேலையில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட காகிதங்களைத் தேடி எடுங்கள். தகராறு வந்தால் கோர்ட் கிடையாது, ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்கு வெளியே நடுவர் சொல்லும் தீர்ப்பு, மட்டும்தான் என்று அதில் இருக்கலாம். பாலியல் தொல்லை வழக்கு என்றால் 2022 மார்ச்சில் வந்த சட்டத்தின்படி அதை மீறிக் கோர்ட்டுக்கே போகும் உரிமை உங்களுக்கு உண்டு. வெறும் சம்பளப் பாகுபாடு மட்டும் என்றால் இந்த விலக்கு கிடைக்காது.