மட்டக்களப்பில் மோட்டார் சைக்கிள் இல்லாமல் காலம் தள்ளுவது எப்படி

மட்டக்களப்புக்குப் படிக்கவோ படிப்பிக்கவோ வருகிறவர்கள் முதல் கிழமையிலேயே கேட்பது, வாகனம் இல்லாமல் இங்கே இருக்க ஏலுமா என்றுதான். ஏலும். கார் வைத்திருப்பவர்கள் எப்படியும் குறைவு, ஆனால் ஆளாளுக்கு "ஒரு பைக் எடுங்க" என்று சொல்வார்கள். அதையும் அவசரப்பட்டு எடுக்கத் தேவையில்லை, வீட்டைச் சரியான இடத்தில் பார்த்துக்கொண்டால்.

இந்த ஊர் அகலமாக வளரவில்லை. கடலும் வாவியும் வயலும் நெருக்குவதால் ஒரே ரோட்டை ஒட்டி நீளமாகக் கிடக்கிறது. தெற்கே கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று கல்முனை வரைக்கும், வடக்கே பிள்ளையாரடி, தன்னாமுனை, ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை என்று வாழைச்சேனைப் பக்கமும் போகிற அந்த மெயின் ரோட்டில்தான் பஸ் எல்லாம் ஓடுகின்றன. வாடகை குறைவு என்று ரோட்டிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீற்றர் உள்ளே அறை எடுத்தீர்கள் என்றால் மிச்சம் பிடித்த காசு ஆட்டோக்காரருக்குப் போய்விடும். பத்து நிமிடம் நடந்தால் மெயின் ரோடு என்கிற தூரம் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது, எந்தப் பக்கம் என்று பாருங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் டவுனில் இல்லை, வடக்கே ஏறக்குறைய 16 கிலோமீற்றர் தள்ளி வந்தாறுமூலையில் இருக்கிறது. 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியதே அங்கேதான். மட்டக்களப்பில் என்று கேள்விப்பட்டுவிட்டு டவுனுக்குள் அட்வான்ஸ் கட்டுகிற பெற்றோர் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். அங்கே படிக்கிறவர்கள் செங்கலடி, கொம்மாதுறை, ஏறாவூர்ப் பக்கம் பாருங்கள். மருத்துவம், தாதியியல் என்றால் டவுன் பக்கம். சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் என்றால் கல்லடி. கல்லடியில் இருந்துகொண்டு வந்தாறுமூலைக்குப் போவதும் முடியாத காரியமில்லை, ஆனால் பெரும்பாலும் டவுனில் இறங்கி மாற வேண்டி வரும், அந்த மாறுகிற நேரம்தான் காலை வகுப்பைத் தின்னும்.

பஸ்ஸில் இ.போ.ச (இலங்கைப் போக்குவரத்துச் சபை), தனியார் என்று இரண்டு உண்டு. மாணவர்கள் முதல் வேலையாக சீசன் டிக்கெட்டுக்கு எழுதிக் கொடுங்கள், செலவு நன்றாகக் குறையும். அது இ.போ.ச பஸ்ஸுக்கு மட்டும்தான், தனியார் பஸ்ஸில் காட்டிப் பிரயோசனம் இல்லை. ஆகவே நீங்கள் போகிற நேரத்துக்கு எந்த இ.போ.ச பஸ் வருகிறது என்று பக்கத்துக் கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் தேடுவதைவிட அந்தக் கடைக்காரர் சரியாகச் சொல்வார். தூரப் பயண பஸ் ஒன்று வந்து நின்றால் ஓடிப்போய் ஏறாமல், நீங்கள் இறங்குகிற இடத்தில் நிற்பாட்டுவார்களா, டிக்கெட் எவ்வளவு என்று கொண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். இருட்டினால் உள்ளூர் பஸ் குறைந்துவிடும். டவுனில் மாலை வேலை இருக்கிற நாளில் திரும்பி வருகிற வழியையும் காலையிலேயே யோசித்துவிட வேண்டும்.

சரி, இனி சைக்கிள். தரை தட்டை, ஏற்றம் என்று சொல்ல இருப்பது பாலங்கள் மட்டும்தான். டவுன், கல்லடி, காத்தான்குடி எல்லாம் சைக்கிளுக்கு அளவான தூரம், ஆணும் பெண்ணும் ஓடுகிறார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 2022 இல் பெட்ரோல் வரிசையும் கியூஆர் அட்டையுமாக ஊரே நின்றபோது சைக்கிளுக்கு வந்த மவுசு எல்லாருக்கும் நினைவிருக்கும், விலையும் அப்போது எகிறியது. கியர் வைத்த மவுன்டன் பைக் வாங்க வேண்டாம். இந்தத் தட்டைத் தரையில் கியருக்கு வேலை இல்லை, கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றில் துரு ஏறுவதற்கு இன்னும் நாலு உறுப்பு, அவ்வளவுதான். கேரியர், மட்கார்டு, ஸ்டாண்ட், நல்ல பூட்டு உள்ள சாதாரண சைக்கிள் போதும். செக்கன்ட் ஹேண்ட் எடுக்கிறீர்கள் என்றால் ரிம்மையும் செயினையும் பாருங்கள், பெயின்டை நம்பாதீர்கள். செயினுக்கு அடிக்கடி எண்ணெய் விடுங்கள்.

கல்லடிக்குப் போகிறபோது புதுப் பாலத்தில் லொறியோடும் பஸ்ஸோடும் போட்டி போடத் தேவையில்லை, பக்கத்தில் 1924 இல் கட்டிய பழைய லேடி மனிங் பாலம் இருக்கிறது, நடைக்கும் சைக்கிளுக்கும் அதுதான் நிம்மதி. இரவில் முன்னுக்கும் பின்னுக்கும் லைட் இல்லாமல் மெயின் ரோட்டில் இறங்காதீர்கள். வாகனத்தைவிட மாடுதான் பயம், நடு ரோட்டில் அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும், கறுப்பு மாடென்றால் முட்டுகிற வரைக்கும் தெரியாது. கச்சான் என்கிற சூடான மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் மத்தியான வெயிலில் மிதிப்பதை விடுங்கள், காலையிலும் மாலையிலும் போய் வாருங்கள். மாரி பிடித்தால், அதாவது கார்த்திகை, மார்கழியில், உள்ரோடுகளில் தண்ணீர் நிற்கும், பள்ளம் எது ரோடு எது என்று தெரியாது, அந்த நாட்களில் இறங்கி உருட்டுவதுதான் புத்தி.

ஆட்டோவை மழைக்கும் இரவுக்கும் மூட்டைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் முன்பே காசு பேசுங்கள், தெருமுனையில் நிற்கிறவர்களில் நம்பிக்கையான ஒருவரின் நம்பரை வாங்கி வையுங்கள். இரவு பத்து மணிக்கு ஸ்டேஷனில் இறங்கும்போது அந்த நம்பரின் அருமை தெரியும். கடுமையான வருத்தம், விபத்து என்றால் ஆட்டோ தேட வேண்டாம், 1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

சாமான் வாங்குவது நினைக்கிற அளவு கஷ்டமில்லை. மீன்காரர் வாசலுக்கு வருவார், பாண் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். காத்தான்குடிக்கு உடுப்பு எடுக்கப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள், ஜும்ஆவுக்குக் கடை பூட்டியிருக்கும். கேஸ்தான் தலையிடி. 12.5 கிலோ சிலிண்டரை நிரப்பி கேரியரில் கட்டினால் இரும்பின் கனமும் சேர்ந்து சைக்கிள் ஒரு பக்கமாக இழுக்கும். தனியாள் சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் எடுங்கள்.

வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்குப் போக வேண்டி வந்தால் கதை வேறு. மண்முனைப் பாலம் 2014 இல் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்குப் போவது லேசாகிவிட்டது. குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் பாதையில், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றுகிற மிதவைப் படகில், வாவியைக் கடந்து வந்த ஊர் இது. பாதையில் சைக்கிளையும் ஏற்றலாம், பஸ்ஸில் அது நடக்காது. வெள்ளம், காற்று என்றால் பாதை ஓடுகிறதா என்று அந்தப் பக்கத்து ஆளிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தினமும் படுவான்கரையில் உள்ளே இருக்கிற பாடசாலை ஒன்றுக்குப் படிப்பிக்கப் போகிற ஆசிரியர் என்றால் எனக்கும் உங்களை மறிக்க மனமில்லை, பைக் எடுங்கள்.

லீவுக்கு ஊருக்குப் போக ரயில் உண்டு, ஆனால் தண்டவாளம் மட்டக்களப்போடு முடிகிறது. கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறைக்காரர்களுக்குக் கடைசி வரைக்கும் பஸ்தான். கொழும்புக்கு உதயதேவி பகலில் போகிறது. பொலன்னறுவைக் காட்டுப் பக்கம் யானை குறுக்கே வரும், மெதுவாகத்தான் போவார்கள், ஆகவே சேருகிற நேரத்தை நம்பி அதே நாளில் இன்னொரு வேலை வைக்காதீர்கள். தைப்பொங்கல், சித்திரை வருடம், நோன்புப் பெருநாள் நேரங்களில் சீட்டை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.