கப்பல் சுற்றுலாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: குமரியிலிருந்து கிளம்புவோருக்கு

கொச்சியிலிருந்து லட்சத்தீவு, சென்னையிலிருந்து இலங்கை, வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் சிங்கப்பூரிலிருந்து மலேசியா, தாய்லாந்து என்று நம் மாவட்டத்துக் குடும்பங்களும் சொகுசுக் கப்பலில் ஏறத் தொடங்கிவிட்டன. என்னிடம் விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பது எந்தக் கப்பல் நல்லது, எவ்வளவு செலவாகும் என்பதுதான். வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுவார்கள், யாருக்கு மூட்டுவலி, யாருக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று யோசித்துவிட்டு வருபவர்கள் குறைவு. கப்பலில் வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அறையையே எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் குறைந்த கட்டணமாகப் போட்டிருப்பது அநேகமாக ஜன்னல் இல்லாத உள் அறைக்கானது. விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. பாட்டும் கச்சேரியும் முடிந்து உறங்க மட்டும் வரும் இளைஞர்களுக்கு அது தாராளம். மிச்சமாகும் பணமும் நல்ல பணம். ஆனால் விடியுமுன் எழுந்து வாசலைத் திறந்து வானம் பார்த்துப் பழகிய அப்பாவை அங்கே தங்கவைத்தால், மறுநாளே மூச்சு முட்டுகிறது என்பார். அவருக்குச் சின்ன ஜன்னலாவது வேண்டும்.

உச்சித்தளத்து அறைதான் உயர்ந்தது என்று முகவர் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. முன்முனையிலும் மேல்தளத்திலும் அதிகம். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே அறை கிடைத்தால், அதிகாலையில் நாற்காலிகளை இழுத்துப்போடும் சத்தம் தலைக்கு மேலே கேட்கும். எந்த அறை என்பதை நிறுவனமே பிறகு ஒதுக்கும் சலுகை டிக்கெட் ஒன்றும் உண்டு. முதியவர்களோடு போகிறவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம். தளங்களின் வரைபடம் நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருக்கும். அறை எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது கடல். “விவேகானந்தர் பாறைக்குப் படகில் போய்வந்தேன், ஒன்றும் செய்யவில்லை” என்பதை வைத்துத் தங்கள் உடம்பைக் கணிக்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. அது கரை கண்ணில் படும் தொலைவில் சில நிமிடப் பயணம். கடல் சீறினாலும், நீர்மட்டம் தாழ்ந்தாலும் அங்கே ஓடும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகளை நிறுத்திவிடுகிறார்கள். பெரிய கப்பல் இரவும் பகலும் போய்க்கொண்டே இருக்கும். அதன் அசைவும் வேறு, நிதானமாக நீண்டு சாய்ந்து நிமிரும். கச்சான் எனும் மேல்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலும் எப்படியிருக்கும் என்பதை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலைப் பார்த்த மாவட்டத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புயல் இல்லாத நாளிலும் கள்ளக்கடல் உண்டு. தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலில் எழுந்த அலை, காற்றே இல்லாத நாளில் இங்கே வந்து கரையேறும். கரையில் வெயில் அடிக்கிறது என்று கடலை நம்பிவிடக் கூடாது.

குமட்டலுக்கான மாத்திரையை வாந்தி தொடங்கிய பிறகு போடுவதில் பெரிய பயன் இல்லை. முன்கூட்டியே போட வேண்டும். கண் நீரழுத்த நோய், ஆஸ்துமா, புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சில மாத்திரைகள் ஆகாது என்பதால் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். வெறும் வயிற்றோடு இருந்தால் குமட்டாது என்பதும் தவறு. லேசாகச் சாப்பிட்டுவிட்டு, வெளித்தளத்தில் நின்று தொடுவானத்தைப் பார்ப்பது நல்லது.

பை கட்டுவதில் செய்யும் தவறு, ஏறும் இடத்திலேயே மனதை நோகடித்துவிடும். சோதனை மேசையில் ஒரு பெரியம்மாவின் பையிலிருந்து பொருட்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்ததை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். துண்டில் சுற்றிய சின்ன இஸ்திரிப்பெட்டி, வெந்நீர் வைக்கும் கெட்டில், ஊதுபத்திக் கட்டு, கற்பூர டப்பா, தீப்பெட்டி. கெட்டிலை எடுத்துவைத்தபோதுகூட அவர் ஒன்றும் சொல்லவில்லை. கற்பூரத்தின் மேல் கை பட்டதும், “சாமி கும்பிடக்கூட விடமாட்டார்களா மக்களே?” என்று பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துக் கேட்டார். அவருடைய வருத்தம் நியாயமானது. முன்கூட்டியே அவரிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். நடுக்கடலில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது. 2006 மார்ச்சில் ‘ஸ்டார் பிரின்சஸ்’ கப்பலின் பால்கனிகளில் பரவிய தீக்கு, அணைக்காமல் எறிந்த ஒரு சிகரெட்டே காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணை சொன்னது. எனவே தீயும் சூடேறும் கம்பியும் வேண்டாம். திருநீறும் சாமி படமும் பேட்டரியில் எரியும் சிறு விளக்கும் போதும். துணி தேய்க்கக் கட்டணம் கொடுத்துக் கப்பலிலேயே கொடுக்கலாம்.

வீட்டில் சமைத்த உணவைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றவிடுவதில்லை. கடையில் முத்திரையிட்டு வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸ் போன்றவற்றுக்குப் பொதுவாகத் தடை இருக்காது. மட்டிப்பழம் போன்ற பழங்களைக் கப்பலிலிருந்து துறைமுகத்துக்குள் எடுத்துச் செல்லப் பல நாடுகளில் தடை உண்டு. சம்பா அரிசிச் சோறும் தேங்காய் அரைத்த மீன்குழம்பும் இல்லாமல் பொழுது போகாதவர்கள் அந்த உணவைக் கப்பலில் தேடி ஏமாறுவதைவிட, சைவமா, காரம் குறைவா, சர்க்கரை நோயாளிக்கானதா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுவது மேல். முதல் நாள் மதியம் எல்லோரும் பஃபேயில் முண்டியடிப்பார்கள். பிரதான உணவுக்கூடம் திறந்திருந்தால் அங்கே போய் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

கையால் சாப்பிடும் நமக்கு இன்னொரு எச்சரிக்கை. கப்பல்களில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோவைரஸ், வாசலில் வைத்திருக்கும் கிருமிநாசினியைத் தேய்ப்பதால் மட்டும் போய்விடாது. ஒவ்வொரு வேளையும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும்.

காகிதங்களில் நம்மவர்கள் சிக்குவது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாக விரிந்திருக்கும், டிக்கெட்டில் வெறும் இனிஷியல் இருக்கும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூரில் ஏறி அங்கேயே திரும்பி இறங்குபவர்கள், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று பாருங்கள். லட்சத்தீவுக்கு இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி தேவை. கர்ப்பிணிகளை 24 வாரம் நெருங்கிவிட்டால் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தையையும் அப்படித்தான்.

கப்பல் புறப்படும் அன்று காலை சென்னை சேரும் ரயிலில் நாகர்கோவிலிலிருந்து கிளம்புவது வேண்டாத துணிச்சல். 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் ரயில் தாமதமாகலாம், கப்பல் காத்திருக்காது. ஏறும் வாயிலும் புறப்படும் நேரத்துக்கு முன்பே மூடப்பட்டுவிடும். முந்தின நாளே போய்த் தங்குங்கள்.

பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிக்கொள்வார்கள். அது அறைக்கு வந்துசேர மாலையாகிவிடும். இன்சுலின், ரத்த அழுத்த மாத்திரை, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும்.

ஏறியதும் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கு முகம் சுளிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலிக் கரையோரம் ‘கோஸ்டா கன்கார்டியா’ பாறையில் மோதியபோது, அன்று மாலை ஏறியிருந்த பலருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி கேட்டால் எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.

இறங்கும் துறைமுகங்களில் கைபேசி நேரத்தை நம்பாதீர்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்தில் ஓடினால், புக்கெட்டில் கைபேசி காட்டும் நேரப்படி ஐந்து மணிக்கு வருகிறவருக்குக் கப்பலில் ஆறு மணி. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனால் தாமதமானாலும் காத்திருப்பார்கள். சொந்தமாக டாக்சி பிடித்துப் போனவர் அடுத்த துறைமுகத்துக்குத் தன் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான்.

லட்சத்தீவு போன்ற இடங்களில் கப்பல் தள்ளி நங்கூரமிட்டு, சிறு படகில் ஆட்களைக் கரைசேர்ப்பார்கள். படகு மேலே வரும் நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும். ஊழியர்கள் இருபுறமும் முழங்கையைப் பிடித்துக்கொள்வார்கள். முட்டிவலி உள்ள அம்மாவுக்கு இது முடியுமா என்பதை வீட்டிலேயே பேசி முடிவெடுங்கள். அலை பெரிதானால் அந்த இறக்கத்தையே கேப்டன் ரத்து செய்யலாம். அதற்குப் பொதுவாகப் பணம் திரும்ப வராது.

விளம்பரக் கட்டணம் ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகை. துறைமுகக் கட்டணம், ஊழியர் அன்பளிப்பு, பானங்கள் எல்லாம் பெரும்பாலும் தனி. கைபேசியை விமானப் பயன்முறையில் போடாவிட்டால், கப்பலின் சொந்த வலையமைப்பில் அது இணைந்து பெரிய தொகைக்குப் பில் வரும்.

கடைசி இரவில் பெட்டியை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். காலையில் உடுக்க வேண்டிய உடையையும் செருப்பையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துவைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். உறங்குமுன் வரவேற்பு மேசையில் கணக்கையும் பார்த்துவிடுங்கள்; காலையில் அங்கே வரிசை நீளும், தவறாக ஏறிய தொகையை ஊருக்கு வந்தபின் திரும்பப் பெறுவது பெரும்பாடு.